பவானி தொண்டைக்கு நான் செஞ்சது

கட்டி இல்லன்னு எனக்குத் தெரியாதா பவானி. உன் தொண்டையில எந்தக் கட்டியும் இல்ல, எந்த டாக்டரும் என்கிட்ட எதுவும் சொல்லல. உனக்கு மாமியாரா வரப்போறவங்களுக்கு போன் போட்டு, பொண்ணுக்குத் தொண்டையில கட்டி இருக்குது, இனிமே பாடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு சொன்னது நான்தான். காலையில தலைக்கு ஊத்திக்கினு, வெளக்கேத்தி, அம்மனுக்குக் கற்பூரம் காட்டிட்டு, அந்த வாசன கையில இருக்கச்சொல்லவே போன எடுத்துப் பேசினேன். இத மொதல்லயே எழுதிடறேன். மத்ததெல்லாம் எழுதறதுக்குள்ள எனக்கு புத்தி மாறிப்போயிடும், சுத்தி வளைச்சி வேற யார் மேலயாவது போட்டுடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்.

முந்தாநாள் போன்ல நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு. நீ அழுதிருந்தாகூட எனக்குத் தேவலாம்னு இருந்திருக்கும், நீ அழல, ஆபீஸ்ல லீவு சொல்ற மாதிரி சொன்ன. "என் தொண்டைக்கு நீ செஞ்சத எல்லாம் எழுது பெரிம்மா. ஒண்ணு வுடாம எழுது. ஒண்ணு வுட்டாலும் நீ மண்டபத்துக்கு வராத, தாரை வாக்கறதுக்கு வேற ஆள் நிக்கட்டும்." அத உன் மாமியாரும் படிப்பாங்க, உனக்குப் பாட்டு கத்துக் குடுத்த வாலாஜாபாத் ரோசியும் படிப்பாங்கன்னு வேற சொன்ன. படிக்கட்டும். நான் எங்க ஊரு பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சவ, எழுத்துப் பிழை இருந்தா சிரிக்காதீங்க. மாலா புள்ளையோட நோட்டுல மிச்சம் இருந்த பக்கத்துல எழுதறேன். ரெண்டு நாளா சமைக்கறதும் எழுதறதுமாத்தான் இருக்குது, உங்க பெரிப்பா தறியில உக்காந்துக்கினு, வக்கீலுக்கு மனு எழுதறியான்னு கேக்கறாரு.

உன் மாமியார் நம்ம வீட்டுக்குப் புதுசு, அவங்களுக்காக சொல்லிடறேன். பவானி நான் பெத்த பொண்ணு இல்ல. என் தங்கச்சி பெத்தது. அவளுக்கு மூணு வயசு இருக்கச்சொல்ல என் தங்கச்சி காய்ச்சல்ல போயிட்டா, அவங்கப்பா வருஷம் திரும்பறதுக்குள்ள வேற கல்யாணம் கட்டிக்கினு திருத்தணி பக்கம் போயிட்டாரு. நான் பெத்தது மாலா, பவானிய விட ரெண்டு வயசு பெரியவ. ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுல பெசஞ்சி ஊட்டித்தான் வளத்தேன். சோத்துல நான் வஞ்சன பண்ணல. அத அந்த ஏகாம்பரநாதர் சாட்சியா எங்க வேணும்னாலும் சொல்லுவேன். வஞ்சன பண்ணது வேற எடத்துல, அதத்தான் எழுதச் சொல்லி இருக்கா.

கட்டி கதைய முடிச்சிடறேன். நீ வந்து, ரிசப்ஷன்ல நானே பாடறேன் பெரிம்மா, எங்க பேண்டு ஆளுங்க வராங்க, நாலு பாட்டுன்னு சொன்னியே, அன்னிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. நலங்குப் பாட்டு பாடினா யாரு வேணாம்னா. நீ பாடறது அந்தக் கரகரப் பாட்டு. ராக்குன்ற, ப்ளூஸுன்ற, எனக்கு அது நெல்லுல கல்லு மாட்டிக்கினு மில்லு அரைக்கற மாதிரித்தான் கேக்குது. நானே நெறம் சொல்லி, பெரிப்பா கையால நெய்ஞ்ச அரக்குப் பொடவைய நீ கட்டிக்கினு, தல நெறைய பூ வெச்சிக்கினு, மைக்க வாய்க்குள்ள போட்டுக்கறாப்பல புடிச்சிக்கினு கத்துவ. கீழ முன் வரிசையில நம்ம தெருவு, பதிகம் பாடற பொம்பளைங்க அத்தன பேரும் உக்காந்திருப்பாங்க. அவளுங்க மூஞ்சி எனக்கு இப்பவே தெரியுது. மூணு தடவ வேணாம்னேன், நீ சிரிச்ச. சரி, மாமியார் வாயால வேணாம்னு சொல்ல வெக்கலாம்னுதான் அந்தப் பொய். ஐயோ பாவம், கொழந்தைக்குத் தொண்டை சரியில்ல, பாட வேணாம்னு சொல்லுவாங்க, அதோட முடிஞ்சிடும்னு நெனச்சேன்.

பொண்ணு வூட்டுக்காரங்களே பொண்ணுக்கு வியாதின்னு சொன்னா மாப்ள வூடு இன்னா நெனைக்கும்? இந்தத் தெருவுல எத்தன பொண்ணுங்களுக்கு நான் முன்ன நின்னு கல்யாணம் பேசி இருக்கேன், ஒருத்திக்கு வீசிங்கு, ஒருத்திக்கு காதுல சீழு, எல்லாத்தையும் வெயில்ல அலஞ்சதுல வந்த சளின்னு சொல்லி மூடி அனுப்பிச்சவ நான். எனக்குத் தெரியாதா? அந்த நேரத்துக்குத் தெரியல. உன் பாட்ட நிறுத்தணும்ன்ற ஒண்ணுதான் கண்ணுல நின்னுச்சி. ரெண்டாம் நாளே ஓரிக்கையிலேர்ந்து உன் மாமியார் போன் பண்ணி, அது சாதாக் கட்டியா, பரவற கட்டியா, ரிப்போர்ட்ட காட்டுங்க, இல்லன்னா ஜாதகத்தத் திருப்பிக் குடுங்கன்னாங்க. அப்பவாவது பொய்னு சொல்லி இருக்கணும். சொல்லல. பவானியையே கூட்டிக்கினு வந்து காட்டறேன்னு சொல்லிட்டேன். உன்கிட்ட, உனக்குக் கட்டின்னு எவனோ ஒரு டாக்டர் சொன்னத உன் மாமியார் நம்பிட்டாங்க, வந்து காட்டிடுன்னு சொன்னேன்.

அந்த ஆஸ்பத்திரியில நடந்தத நீ மறக்க மாட்ட, நானும் மறக்க மாட்டேன். மூக்கு வழியா டியூப வுட்டாங்க. நாற்காலியில உன்ன நிமித்தி உக்கார வெச்சி, ஒரு நர்ஸு தலையப் புடிச்சிக்கினு. உன் மாமியார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டிவியில உன் தொண்டைக்குள்ள இருக்கறது தெரிஞ்சிது, ஈரமா, செவப்பா, நடுவுல வெள்ளையா ரெண்டு வாரு மாதிரி. டாக்டர் ஆன்னு சொல்லச் சொன்னாரு, ஈன்னு சொல்லச் சொன்னாரு. அப்பால, நீ பாடுவன்னாங்களே, எப்பிடிப் பாடுவன்னு கேட்டாரு. மூக்குல டியூபு, கண்ணுல தண்ணி, அப்பிடியே நீ ரெண்டு வரி பாடின. அந்தக் கரகரப்போட. நான் கண்ண மூடிக்கினேன், உன் மாமியார் மூடல. அவங்க டிவியப் பாத்துக்கினு இருந்தாங்க. டாக்டர் வெரல வெச்சிக் காட்டினாரு, இங்க பாருங்கம்மா, இந்த வெள்ள ரெண்டும் ஒண்ணையொண்ணு ஒரசிப் புண்ணாவல, சுத்தமாத்தான் ஆடுது, கரகரப்பு இதுக்கு மேல இருக்கற சதையிலேர்ந்து வருது, கத்துக் குடுத்தவங்க ஒழுங்கா கத்துக் குடுத்திருக்காங்கன்னாரு. கட்டி எங்கன்னு உன் மாமியார் கேட்டாங்க. கட்டியா, எந்தக் கட்டின்னு டாக்டர் கேட்டாரு. நர்ஸு டியூப இஸ்துட்டு ஒரு பஞ்ச உன் கையில குடுத்தா. நீ மூக்கத் தொடச்சிக்கினே என் பக்கம் திரும்பி மெதுவாக் கேட்ட.

"பெரிம்மா. எந்த டாக்டர் சொன்னாரு?"

நான் என் பையில குங்குமப் பொட்டலத்தத் தேடிக்கினு இருந்தேன். அந்த நேரத்துல எனக்குக் குங்குமம் எதுக்கு. உன் மாமியார் புரிஞ்சிக்கினாங்க. நல்லவங்கதான் அவங்க, உன்கிட்ட ஒண்ணும் கேக்கல, பொண்ணுக்கு ஒண்ணுமில்ல, கல்யாணம் நடக்கும்னு அங்கயே சொல்லிட்டாங்க. என்கிட்ட மட்டும் வாசல்ல சொன்னாங்க. "சம்பந்திம்மா, நான் பெத்தது ரெண்டும் பையனுங்க. பொண்ணு இல்லியேன்னு எனக்கு ஒரு கொற இருந்திச்சி. இன்னிக்குப் போச்சி." அத நான் பஸ்ஸுல வரச்சொல்ல மென்னுக்கினே வந்தேன், இன்னும் முழுங்கல.

இப்ப பழசு. உனக்கு ஒம்போது வயசுல உன்னையும் மாலாவையும் கோயில் பதிகக் குழுவுல சேத்தேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் நம்ம தெருக்கோடி சிவன் கோயில்ல ஓதுவார் ஐயா சொல்லிக் குடுப்பாரு, மார்கழி மாசம் விடியக்காலையில வீதி வலம். எனக்குக் குரல் சுமார்தான், ஆனா குழுவுல எல்லாரையும் நிக்க வெக்கறது, யாரு முன்ன யாரு பின்னன்னு பாக்கறது நான்தான். மாலாவுக்குக் குரல் தேனு. உனக்கு சின்னதுலயே அடித்தொண்டை. பேசினாலே ஆம்பளப் புள்ளைக்கு சளி புடிச்ச மாதிரி இருக்கும். நீ வாயத் தொறந்தா மாலா குரல் கேக்காது. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, இப்பதான் எழுதறேன், உன் குரல் மோசம்னு நான் உன்ன அடக்கல, மாலாவோடது கேக்கலன்னுதான் அடக்கினேன். உனக்கு வாய மட்டும் அசைக்கக் கத்துக் குடுத்தேன். கண்ணாடி முன்னால நிக்க வெச்சி, ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு எப்பிடி இருக்கணும், மூச்சு எங்க எடுக்கற மாதிரி காட்டணும், எல்லாம். சாமிக்கு மனசு தெரியும், சத்தம் தேவையில்லன்னு சொன்னேன். நீ நம்பின. உன் பின்னால நின்னுக்கினு உன் இடுப்புல கைய வெச்சிக்கினு இருப்பேன், சத்தம் வந்தா கிள்ளுவேன். பாக்கறவங்களுக்கு, பெத்த தாய் மாதிரி அணைச்சிக்கினு நிக்கறாளேன்னு இருக்கும். நாலு வருஷம். நாலு மார்கழி, பனியில நின்னுக்கினு நீ வாய மட்டும் அசைச்ச.

பதிமூணு வயசுல நீயே வரலன்னுட்ட, நானும் வான்னு கூப்பிடல. ஆனா தொண்டைய மட்டும் நான் வுடல. எவ எது சொன்னாலும் உன் வாயில போட்டேன். வசம்பு சுட்டு நாக்குல தேச்சேன், கற்பூரவல்லிய சாறு புழிஞ்சி ஊத்தினேன், வெறும் வயித்துல மொளக மெல்ல வெச்சேன். வயித்துல புண்ணு வந்து நீ சுருண்டு கெடந்தப்ப, நாலு நாள் மொளகு நிறுத்தினேன், அஞ்சாம் நாள் திரும்பவும் குடுத்தேன்.

அப்பால பதினாறு வயசு. பள்ளிக்கூடம் வுட்டு வந்து தறிக்குப் பின்னால உக்காந்து தார்க்குச்சியில நூல் சுத்திக்கினே நீ பாடி இருக்க. ஒரு காதுல போனு ஒயர மாட்டிக்கினு, தறி சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு. பல நாளா நடந்திருக்குது, எனக்குத் தெரியாது. பெரிப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குது. எப்பிடிக் கண்டுபுடிச்சேன்னு உனக்கு நான் சொன்னதில்ல. அடுப்பாண்ட நின்னுக்கினு இருக்கேன், தறி ஓடற சத்தம் வருது, ஆனா நூல இழுத்துக்கினு குறுக்க ஓடற நாடா சத்தம் இல்ல. மிதியும் பலகையும்தான் அடிக்குது. முப்பது வருஷம் அந்தச் சத்தத்துலயே சமைச்சவளுக்குத் தெரியாதா. இன்னாடா இது, நூலே போவாம மனுஷன் எத நெய்யறாருன்னு வந்து எட்டிப் பாத்தா, இழை அறுந்து கெடக்குது, அவரு அதக் கட்டாம வெறுந்தறிய அடிச்சிக்கினு உக்காந்திருக்காரு. நிறுத்தினா உன் பாட்டும் நின்னுடும்னு. நீ பின்னால கண்ண மூடிக்கினு, கழுத்து நரம்பு பொடைக்க, அந்தக் கரகர.

ஊரறிய ஒரு பொம்பளைக்குப் புருஷனே துரோகம் பண்ண மாதிரி எனக்கு ஆயிடுச்சி. அவர ஒரு வார்த்த கேக்கல. உன்னக் கேட்டேன். மறுநாள் காலையில அம்மன் சன்னதிக்கு இஸ்துக்கினு போயி, ஒரு மண்டலம் மௌன விரதம்னு உன் கையில மஞ்சக் கயிறு கட்டினேன். நாப்பத்தெட்டு நாள் வாயத் தொறந்தா அம்மன் உன் தொண்டைய எடுத்துக்கும்னு சொன்னேன். பதினாறு வயசுப் பொண்ணு, அம்மா இல்லாதது, நம்பாம இன்னா பண்ணும். பள்ளிக்கூடத்துல வருகை கூப்பிட்டா நீ கைய மட்டும் தூக்கி இருக்க. புள்ளைங்க ஊமைன்னு கூப்பிட ஆரம்பிச்சி, பன்னெண்டாவது முடியற வரைக்கும் அதே பேரு. தமிழ் டீச்சர் உன்ன வகுப்புக்கு வெளிய நிக்க வெச்சிருக்காங்க, திமிருன்னு நெனச்சிக்கினு. அவங்க வூட்டுக்கு வந்து கேட்டப்பதான் எனக்குத் தெரியும், அப்பவும் நான், அவளேதான் வேண்டிக்கினா டீச்சர்னு சொன்னேன். நீ உள்ள கதவாண்ட நின்னுக்கினு கேட்டுக்கினு இருந்த, மறுக்கறதுக்கு வாயில்ல. முப்பத்தோராம் நாளு நீ தூக்கத்துல ஏதோ ஒளறிட்ட, எழுந்து உக்காந்து தொண்டையப் புடிச்சிக்கினு நடுங்கின. நான் சமாதானம் சொல்லல. மொதல்லேர்ந்து எண்ணுன்னேன். அம்மன் இதெல்லாம் கேக்கல பவானி. நான் கேட்டேன், அம்மன் பேருல கேட்டேன். இதுக்குப் பரிகாரம் இன்னான்னு குருக்களக் கேக்க எனக்கு தைரியம் வரல, ஏன்னா கேட்டா நடந்ததச் சொல்லணும்.

அதுக்கப்பறம் நீ காலேஜு முடிச்சி, ஒரகடத்துல ஆபீஸ் வேலைக்குப் போயி, ஞாயித்துக்கெழமையில கம்ப்யூட்டர் கிளாஸுன்னு வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறின. அது கம்ப்யூட்டர் இல்ல, ரோசின்னு எனக்கு ஒரு வருஷம் தெரியாது. ரோசிம்மாவப் பத்தி நான் எழுதறத ரோசிம்மாவே படிக்கப் போறாங்க, இருந்தாலும் எழுதறேன். அவங்கப்பா வாலாஜாபாத்துல அரிசி மில்லுல மூட்ட தூக்கினவரு. சர்ச்சுல பாடிப் பாடி, மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்ல இருவது வருஷம் இந்த மாதிரிப் பாட்டு பாடிட்டு, ஊருக்கு வந்து மாடியில கிளாஸ் எடுக்கறாங்க. நீ வூட்ல தண்ணி பாட்டிலுக்குள்ள ஸ்ட்ராவ வுட்டு புட்புட்னு ஊதிக்கினு இருப்ப, உதட்ட மாடு ஓட்டறவன் மாதிரி புர்ருன்னு அடிப்ப, எனக்கு பேஜாரா இருக்கும், ஸ்ட்ராவ எல்லாம் தூக்கி அடுப்புல போட்டேன். அதுதான் பாடம்னு எனக்கு எப்பிடித் தெரியும். தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேன், அது வேற.

ஒரு நாள் ரோசிம்மாவே வூட்டுக்கு வந்தாங்க. மெட்ராஸ்ல ஒரு பெரிய மேடை, பவானியப் பாட வெக்கணும், வூட்ல உத்தரவு கேக்கணும்னு. வெயில்ல வந்திருந்தாங்க, மரியாதையா, செருப்ப வாசலுக்கு வெளியவே வுட்டுட்டு வந்து உக்காந்தாங்க. அவங்கதான் எனக்கு எல்லாம் வெவரமா சொன்னாங்க. தொண்டையக் கிழிச்சிக் கத்தறது இல்லக்கா, மூச்சு வயித்துலேர்ந்து வரணும், மொதல்ல சுத்தமான சத்தத்த நிக்க வெக்கணும், அது நின்னப்பறம்தான் அது மேல கொஞ்சமா கரகரப்பத் தூவணும், தொண்டையில அரிப்பு வந்தா அன்னிக்கு நிறுத்திடணும். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவுல ஒரு எடம் இருக்குதாம், அங்க கீழேர்ந்து இழுத்துக்கினு, தாளத்துக்குக் கொஞ்சம் லேட்டா போய்ச் சேரணுமாம். நாங்க பதிகத்துல இழுக்கறது மாதிரித்தான்னு மனசுக்குள்ள நெனச்சேன், வாயால சொல்லல. அப்பால அவங்க சொன்னாங்க. "அக்கா, மொத நாள் பாடுன்னேன். உங்க பொண்ணு வாய அழகா அசைச்சா. சத்தம் வரல. நான் மைக்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சி ஒயர ஆட்டிப் பாத்தேன்." மூணு மாசம் ஆச்சாம் பவானி, வாயத் தொறந்தா உன்னிலேர்ந்து சத்தம் வரதுக்கு. ரோசிம்மா உன் இடுப்புல கைய வெச்சி, மூச்ச இங்க வெய்யின்னு காட்டப் போனா நீ துள்ளி ஓடுவியாம். எதுக்குன்னு அவங்களுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சிது.

புரிஞ்சதும் எனக்குக் கோவம்தான் வந்திச்சி. நம்ம வூட்டு விஷயம் அவங்க வாயில வந்துடுச்சேன்னு. உள்ள போயி காபி போட்டேன். நம்ம வூட்ல அலமாரி நெறைய எவர்சில்வர் தம்ளர் இருக்குது, ஒவ்வொண்ணுலயும் என் பேரு வெட்டி இருக்குது. நான் பெரிப்பாவ மூலக் கடைக்கு அனுப்பி பேப்பர் கப்பு வாங்கியாரச் சொன்னேன். ஒரு கட்டு. அதப் பிரிச்சி, ஒரே ஒரு கப்புல அவங்களுக்கு ஊத்தி, நம்ம மூணு பேருக்கும் தம்ளர்ல ஊத்தி ஒரே தட்டுல வெச்சி எடுத்துக்கினு போனேன். கையில தரல, பக்கத்துல ஸ்டூல் மேல வெச்சேன். ரோசிம்மா அதப் பாத்துட்டு, சிரிச்சிக்கினே எடுத்துக் குடிச்சாங்க. அவங்களுக்கு இது புதுசு இல்லன்னு அந்தச் சிரிப்புலயே தெரிஞ்சிது. குடிச்சதும் நான் சொன்னேன். "எங்க வூட்டுப் பொண்ண உங்க ஜனங்க மாதிரிக் கத்த வுடாதம்மா." அவங்க கப்ப ரெண்டா மடிச்சி, எங்க போடறதுன்னு பாத்து, கடசியில தன் கைப்பையிலயே போட்டுக்கினு எழுந்து போனாங்க. நீ உன் தம்ளர் காபிய முத்தத்துல கொட்டின. அன்னிக்குப் பேசறத நிறுத்தினவதான். வெள்ளிக்கெழம ஆஸ்டலுக்குப் போயிட்ட, நாலு வருஷம், கல்யாணம் முடிவானப்பறம்தான் திரும்ப வூட்டுக்கு வந்து பேசின.

போறதுக்கு முன்னாடி இன்னொண்ணு நடந்துச்சி, அது உனக்கு போனு கோளாறுன்னு தெரியும். கோளாறு இல்ல. ரோசிம்மா உனக்குப் பாடிப் பாடி அனுப்பிச்ச பாடமெல்லாம் போன்ல இருந்திச்சே, நீ குளிக்கப் போனப்ப மாலாவக் கூப்பிட்டு எல்லாத்தையும் அழிக்கச் சொன்னேன். அவ வேணாம்மான்னா. நான் அடிக்கக் கை ஓங்கினேன், கல்யாணம் ஆனவள. அழிச்சிட்டா. நீ வந்து போனத் தட்டித் தட்டிப் பாத்துக்கினு இருந்த, நான் கத்தரிக்கா நறுக்கிக்கினு இருந்தேன்.

இப்ப நீ நெனைக்கலாம், ஆஸ்பத்திரியில உன் பாட்டக் கேட்டு பெரிம்மா மனசு எளகிட்டாங்கன்னு. எளகல. எனக்கு இப்பவும் அது புடிக்கல. புடிச்சதா எழுதினா நீயே கண்டுபுடிச்சிடுவ. அந்தத் தலமுடிய ஒரு பக்கம் மழிச்சி வுட்டிருக்கியே, அதுவும் புடிக்கல. ஆனா மூக்குல டியூபோட, கண்ணுல தண்ணி வடிய, மாமியார் பாக்கறாங்கன்னு தெரிஞ்சும் நீ சத்தத்த ஒரு துளி கொறைக்கல. என் கை உன் இடுப்பாண்டதான் இருந்திச்சி, நான் பக்கத்துலதான் நின்னேன். கிள்ளணும்னு வெரலு தானா மடங்கிச்சி. அம்பத்தாறு வயசுல, ஆஸ்பத்திரியில. அத நெனச்சாத்தான் எனக்கு பயமா இருக்குது.

புத்தி சொல்ல எனக்கு யோக்கித இல்ல, இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. ஐஸ் தண்ணி குடிக்காத. கல்யாணத்தன்னிக்கு ஓமப் புகையில ரொம்ப நேரம் குனியாத, சாயங்காலம் பாடணும்னா தொண்ட ஒத்துழைக்காது, குனியச் சொன்னா வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்லு. மாமியார் வூட்ல வரவங்க போறவங்களுக்கெல்லாம் பாடிக் காட்டாத, மொத மாசம் பாடினா ஆயுசுக்கும் பாடச் சொல்லுவாங்க. உனக்கு ஒரு பொண்ணு பொறந்து அதுக்கு மாலா குரல் வந்தாலும் சரி, உன் குரல் வந்தாலும் சரி, என்கிட்ட ஒரு நாளுக்கு மேல வுட்டுட்டுப் போகாத. இத நான் கோவத்துல எழுதல.

எனக்கு வேண்டியது ஒண்ணு. தாரை வாக்கறப்ப உன் கைய என் கையிலதான் வெக்கணும், தண்ணி நான் ஊத்தணும். பெரிப்பா ஒத்தையில நிக்க மாட்டாரு. ரோசிம்மாவ நிக்க வெக்கப் போறன்னு மாலா சொல்றா. அவங்க நிக்கறதுக்கு நியாயம் இருக்குது, இல்லன்னு சொல்லல. எனக்கு நியாயம் இல்ல, ஆசதான் இருக்குது. சாயங்காலம் நீ பாடு, நான் முன் வரிசையில உக்காந்திருப்பேன், காத மூடிக்க மாட்டேன், பக்கத்துல இருக்கறவ ஏதாவது சொன்னா அவளப் பேசிடுவேன், அது எனக்கு நல்லா வரும். நீ கேட்ட மாதிரி வசம்பு, மொளகு, கயிறு, ஸ்ட்ரா, கப்பு, போனு, கட்டி எல்லாம் எழுதிட்டேன். ரெண்டு தடவ படிச்சிப் பாத்துட்டேன், ஒண்ணும் வுடல. மாலா புருஷன் நாளைக்கு அந்தப் பக்கம் வராரு, அவருகிட்ட குடுத்து வுடறேன்.

பவானி, மடிக்கப் போறப்ப இப்பதான் ஒண்ணு ஞாபகம் வருது. அம்மன் மேல சத்தியமா இத்தன வருஷம் இது எனக்கு நெனப்பே இல்ல. உனக்குப் பதினோரு வயசு இருக்கும். ஒரு வெள்ளிக்கெழம நான் பிரசாத அண்டாவ எடுக்க மடப்பள்ளிக்குப் போயிருந்தேன், உன் பின்னால யாருமில்ல. திரும்பி வரச்சொல்ல பாட்டு பாதியில நின்னுருக்குது. ஓதுவார் ஐயா, அவருக்கு அப்பவே ரெண்டு கண்ணும் புரை, கைய ஒசத்தி எல்லாரையும் நிறுத்திட்டு கேட்டுக்கினு இருக்காரு. "அடியில ஒரு குரல் வந்துதே, அது எந்தக் கொழந்த? அத முன்னால நிறுத்துங்க, மத்ததெல்லாம் அது மேல நிக்கட்டும்." நீ அவரப் பாக்கல, என்னப் பாத்த. நான் அண்டாவ எறக்கி வெச்சிட்டு, மாலாவோட கையப் புடிச்சி அவரு கையில குடுத்தேன்.